முதல் உறைபனிக்குப் பிறகு: தோட்டத்தைத் துப்புரவாக்குவதா, வசந்தம் வரை விட்டுவைப்பதா?

கடுங்குளிர் நிலவும் பகுதிகளில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள், ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. முதல் கடும் உறைபனி இறங்கிய மறுநாள் காலையில் தக்காளியும் பூசணியும் வெந்நீர் ஊற்றியதுபோலக் கறுத்துத் துவண்டு கிடக்கின்றன. பூச்செடிகள் காய்ந்துபோய், விதைத்தலைகள் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன. மரங்களோ அடுத்த சில வாரங்களில் தம் இலைகளை உதிர்த்துவிடுகின்றன. நிலம் உறைவதற்குள் இவற்றை வெட்டி வாரி அகற்றிவிடுவதா, வசந்தம் வரை அப்படியே விடுவதா, அல்லது ஒரு பகுதியை அகற்றி மறுபகுதியை விட்டுவைப்பதா என்பதே அந்த முடிவு.

முன்பெல்லாம் ஒரு செத்தைகூட இல்லாமல் துடைத்தெடுத்த பாத்திதான் நல்ல தோட்டக்காரரின் அடையாளமாகக் கருதப்பட்டது. இப்போது எதையும் தொடாதீர்கள் என்ற அறிவுரை அதே உறுதியோடு சொல்லப்படுகிறது. இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோட்டம் முழுவதற்கும் ஒரே விடையைத் தேடுவதில்தான் தவறு நேர்கிறது. காய்கறிப் பாத்திக்கு நன்மை செய்யும் அதே வேலை பூப்பாத்திக்குத் தீங்காக முடியக்கூடும். ஆகவே இந்தக் கேள்வியைப் பாத்தி பாத்தியாகக் கேட்க வேண்டும். அத்துடன், இலையுதிர்காலத்தில் எடுக்கும் முடிவின் பயன் பெரும்பாலும் அடுத்த வசந்தத்தில் நாம் செடி வெட்டும் கத்தரிக்கோலை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. இந்தப் பின்பாதிக்குப் போதிய கவனம் கிடைப்பதில்லை.

முற்றாகத் துப்புரவாக்கும் வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். இதன் சார்பில் சொல்லப்படும் காரணங்கள் வலுவானவை. இலையுதிர்காலத்தில் வெயில் குறைவு, பூச்சிக்கடி இல்லை, மண் பெரும்பாலும் கால் புதையாத நிலையில் இருக்கிறது. வசந்தத்திலோ பனி உருகிய நீர் மண்ணில் ஊறி நிற்கும். அந்த ஈர மண்ணில், குறிப்பாகக் களிமண்ணில், நடந்தால் அது இறுகிப்போய், வேர்களுக்குக் காற்றுப் போகாமல் ஆண்டு முழுவதும் தொல்லை தரும். வசந்தம் குறுகியது என்பதும் உண்மை. விதைப்பு, நாற்று நடவு, வேலி பழுதுபார்த்தல் எல்லாம் சில வாரங்களுக்குள் வந்து குவிகின்றன. அப்போது கடந்த ஆண்டின் கழிவையும் சேர்த்துச் சுமப்பது பலருக்கு இயலாது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் நோய். காய்கறிப் பாத்தியைப் பொறுத்தவரை எனக்கு இதில் இரண்டாம் கருத்து இல்லை: அகற்றிவிட வேண்டும். தக்காளியைத் தாக்கும் முன்பருவ இலைக்கருகல் பூஞ்சையும் செப்டோரியா இலைப்புள்ளிப் பூஞ்சையும் காய்ந்த இலைகளிலும் தண்டுகளிலும் குளிர்காலத்தைக் கடந்து, அடுத்த ஆண்டு மழைத்துளி தெறிக்கும்போது கீழிலைகளில் ஏறுகின்றன. 1845 முதல் அயர்லாந்தை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குக் காரணமான பின்பருவக் கருகல் நோய்க்கிருமியின் நடத்தை சற்று வேறானது. அது பெரும்பாலும் உயிருள்ள திசுவைச் சார்ந்தே வாழ்வதால், உறைபனியில் இறந்துபோன தக்காளித் தண்டில் அதற்கு வாழ்வில்லை. ஆனால் தோண்டாமல் மண்ணுக்குள் விட்டுப்போன ஓர் உருளைக்கிழங்கு அதற்குப் போதும். எனவே அந்த நோய் வந்த தோட்டத்தில், மேலே தெரியும் செடியைப் பிடுங்குவதைவிட, கீழே மறைந்திருக்கும் சிறு கிழங்குகளைத் தேடி எடுப்பதுதான் முக்கியமான துப்புரவு. பூசணிப் பூச்சிகள் காய்ந்த கொடிகளின் அடியில் முதிர்ந்த பூச்சிகளாகவே ஒளிந்துகொள்கின்றன. அஸ்பாரகஸ் வண்டு அச்செடியின் உள்ளீடற்ற பழைய தண்டுகளுக்குள் புகுந்துவிடுகிறது.

காய்கறிப் பாத்திக்கு வெளியிலும் இப்படிச் சில செடிகள் உண்டு. பியோனியைச் சாம்பல் பூசணம் பிடித்திருந்தால் தரையோடு வெட்டி அகற்றிவிட வேண்டும். ஐரிஸ் செடியைத் துளைக்கும் பூச்சியின் முட்டைகள் அச்செடியின் பழைய இலைகளிலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஆப்பிள் சொறிநோய்ப் பூஞ்சை உதிர்ந்த ஆப்பிள் இலையில் தங்கி வசந்தத்தில் வித்துகளை வீசுகிறது. ரோஜாவின் கரும்புள்ளி நோயும் அப்படித்தான். இத்தகைய நோயுற்ற கழிவை வீட்டுக் கம்போஸ்ட் குவியலில் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. நோய்க்கிருமிகள் மடிவதற்குக் குவியலின் உட்பகுதி 55 பாகை செல்சியசையாவது எட்டி, அந்தச் சூட்டில் சில நாட்கள் நிற்க வேண்டும். குளிர்காலம் நெருங்கும் வேளையில் தொடங்கப்படும் சிறிய குவியல் அந்தச் சூட்டைப் பெறுவது அரிது.

ஆனால் துப்புரவாக்கிய பாத்தியை வெற்று மண்ணாக விட்டுவிடுவது, பாதி வேலையோடு நிறுத்திக்கொள்வதற்குச் சமம். மூடாக்கில்லாத மண்ணைக் குளிர்காலக் காற்று அரிக்கிறது. பனி உருகும்போது ஓடும் நீர் மேல்மண்ணைக் கொண்டுபோகிறது. செடிகளை வேரோடு பிடுங்காமல் மண்மட்டத்தில் வெட்டினால் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவை மட்கும்போது நீர் இறங்கும் வழிகளும் உண்டாகும். அதன்மேல் நோயற்ற சருகுகளை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பலாம், அல்லது குளிர் தாங்கும் ரை தானியத்தை மூடுபயிராக விதைக்கலாம். உறைநிலைக்குச் சற்று மேலான வெப்பநிலையிலேயே அது முளைத்துவிடும். பூண்டு நடுபவர்களுக்கு இந்த வெறுமையான பாத்தி ஒரு வாய்ப்பும் ஆகும். பூண்டு பற்களாகப் பிரிவதற்குக் குளிர்ச்சி தேவை. வசந்தத்தில் நட்டால் பிரியாத ஒற்றைப் பூண்டாகவே நின்றுவிட நேரும் என்பதால், நிலம் உறைவதற்குச் சில வாரங்கள் முன்பே நட்டு மூடாக்கிட வேண்டும்.

இனி, விட்டுவைக்கும் வழி. பூப்பாத்திகளில், புதரோரங்களில், மரத்தடியில் இதுவே சிறந்தது என்பது என் துணிபு. காரணங்களில் முதலாவது, பனி. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் காற்றுதான். அதனால் அது ஒரு போர்வையாகச் செயல்படுகிறது. வெளியே காற்று மைனஸ் 20 பாகைக்கு இறங்கிய நாட்களிலும், முழங்கால் அளவுப் பனிக்கு அடியில் மண்ணின் மேற்பரப்பு பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். மொட்டையாக வெட்டப்பட்ட பாத்தியில் இந்தப் பனியைக் காற்று வாரிக்கொண்டு போய் வேலியோரம் குவிக்கிறது. காய்ந்த தண்டுகள் நிற்கும் பாத்தியிலோ அது சிக்கித் தங்குகிறது. பனிக்காற்று அடித்த மறுநாள் இருவகைப் பாத்திகளையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குளிரைவிடக் கொடியது, உறைவதும் உருகுவதும் மாறி மாறி நிகழ்வது. மண் மேலிருந்து உறையும்போது கீழிருக்கும் நீர் மேல்நோக்கி இழுக்கப்பட்டுப் பனிக்கட்டித் தகடுகளாகத் திரள்கிறது. அவை மண்ணைத் தூக்குகின்றன, மண்ணோடு செடியின் குருத்தடியும் மேலெழுகிறது. உருகும்போது மண் இறங்கிவிடுகிறது, செடி இறங்குவதில்லை. இலையுதிர்காலத்தில் புதிதாக நட்ட செடிகளும், ஸ்ட்ராபெரி, ஹியூக்கெரா போன்ற மேல்வேர்ச் செடிகளும் இப்படித்தான் வேர் வெளியே தெரியக் கிடந்து காய்ந்துபோகின்றன. இதனால்தான் இத்தகைய செடிகளுக்கு இடும் குளிர்கால மூடாக்கை நிலம் உறைந்த பிறகு இடச் சொல்கிறார்கள்: செடியைச் சூடாக வைப்பதைவிட, உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பதுதான் அதன் வேலை. நின்ற தண்டும் அதனடியில் தங்கும் பனியும் அதே வேலையைச் செலவின்றிச் செய்கின்றன. லாவெண்டர், செவ்வந்தி, அலங்காரப் புற்கள் ஆகியவற்றை வெட்டாமல் விட்டால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இரண்டாவது காரணம், அங்கே தங்கியிருக்கும் உயிர்கள். இதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரே ஒரு தண்டைப் பார்ப்பது நல்லது. வட அமெரிக்கத் தோட்டங்களில் மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ராட் செடியின் தண்டில், கோலிக்குண்டு அளவில் ஓர் உருண்டை வீக்கம் சில சமயம் காணப்படும். ஒரு சிறு ஈயின் புழு உள்ளே இருந்து செடியைத் தூண்டிக் கட்டிக்கொண்ட வீடு அது. முதிர்ந்த ஈக்குக் கடிக்கும் வாய் கிடையாது என்பதால், புழுவே இலையுதிர்காலத்தில் வெளியேறும் சுரங்கத்தைக் குடைந்து, மேல்தோலை மட்டும் மெல்லிய திரையாக விட்டு, மீண்டும் நடுவறைக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு கிளிசராலையும் சார்பிட்டாலையும் உடலில் சேர்த்துவைத்துக்கொண்டு, உறைந்த நிலையிலேயே குளிர்காலத்தைக் கடக்கிறது. சனவரியில் அந்த உருண்டையில் சுத்தமான சிறிய துளை இருந்தால் டவுனி மரங்கொத்தி வந்துபோயிருக்கிறது என்று பொருள். ஓரங்கள் பிய்ந்த பெரிய பள்ளமாக இருந்தால் சிக்கடீ குருவி கொத்தியிருக்கும். நவம்பரில் வெட்டி மூட்டை கட்டப்பட்ட தண்டில் இந்த மூன்று உயிர்களுக்கும் இடமில்லை.

இதேபோல ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழு காய்ந்த தண்டில் ஒரு நூலிழையால் தன்னைக் கட்டிக்கொண்டு, பட்டையின் நிறத்திலேயே இருக்கும்; தேடினாலும் கண்ணில் படுவது கடினம். லூனா அந்துப்பூச்சி இலையொன்றைப் போர்த்துக்கொண்டு தரைச்சருகோடு சருகாகக் கிடக்கிறது. பம்பிள் தேனீக்களில் புதிய ராணிகள் மட்டுமே குளிர்காலத்தைத் தாண்டும். அவை இலைமூடிய தளர்ந்த மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் உறங்குகின்றன. காட்டை ஒட்டிய தோட்டங்களில் வட அமெரிக்கக் காட்டுத்தவளை (வுட் ஃபிராக்) சருகுக்கடியில் உடல்நீரில் பாதிக்கும் மேல் உறைந்து, இதயத்துடிப்பு நின்ற நிலையில் கிடந்து, வசந்தத்தில் உருகி எழுகிறது. ஐரோப்பிய முள்ளெலி சருகுக் குவியலைத் தேடி வருகிறது. எக்கினேசியா, ருட்பெக்கியா, சூரியகாந்தி ஆகியவற்றின் விதைத்தலைகள் கோல்ட்ஃபின்ச் பறவைகளுக்குப் பல வாரங்களுக்கு உணவாகின்றன.

இங்கே பரவலாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். நின்ற தண்டுகளுக்குள் கூட்டமாக வாழாத தனித்தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன, ஆகவே வசந்தம் வந்ததும் தண்டுகளை வெட்டி எறிந்துவிடலாம் என்று பலர் கருதுகிறார்கள். நடப்பது வேறு. சிறிய தச்சுத்தேனீயும் முகமூடித்தேனீயும் முழுத் தண்டின் சுவரைத் துளைத்து உள்ளே போவதில்லை; முறிந்த அல்லது வெட்டப்பட்ட முனையில் நடுச்சோறு (தண்டின் உள்ளிருக்கும் மென்மையான பகுதி) தெரியும் தண்டைத்தான் தேடுகின்றன. வசந்தத்தில் நாம் வெட்டி விடும் அடித்தண்டு அவ்வாண்டின் கோடையில் கூடாகிறது. அதில் வளர்ந்த குஞ்சுகள் அடுத்த குளிர்காலத்தை அதே தண்டுக்குள் கழித்து, அதற்கடுத்த ஆண்டில் வெளிவருகின்றன. ஆக, இவ்வாண்டு வளர்ந்த வெட்டாத தண்டில் தேனீ இருப்பது பெரும்பாலும் அரிது. சென்ற ஆண்டு வெட்டி விட்ட மொட்டைத் தண்டில் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். குளிர்காலம் முழுவதும் தண்டுகளைக் காத்துவிட்டு, வசந்தத்தில் தரையோடு வழித்தெடுக்கும் தோட்டக்காரர் பறவைக்கும் பனிக்கும் நன்மை செய்திருக்கிறார். இந்தத் தேனீக்களுக்கு எதுவும் செய்யவில்லை.

விட்டுவைப்பதில் இழப்புகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் மறைப்பது நேர்மையாகாது. பனித்துளிப்பூ, குரோக்கஸ், சில்லா போன்ற குமிழ்ச்செடிகள் பனி உருகும்போதே முளைத்துவிடும். பழைய தண்டுகளை வெட்டப் போகும் கால் அந்த முளைகளை மிதித்துவிடும். எனவே குமிழ்கள் நெருக்கமாக உள்ள இடத்தை மட்டும் நான் இலையுதிர்காலத்திலேயே வெட்டி, தண்டுகளை வேறொரு மூலையில் சாய்த்து வைத்துவிடுகிறேன். அளவுக்கு மீறி விதை உதிர்த்துப் பரவும் செடிகளையும், அயலிடத்திலிருந்து வந்து ஆக்கிரமிக்கும் களைகளையும் விதை முற்றுமுன் தலைவெட்டியாக வேண்டும். வயலெலிகள் பனிக்கடியில் சுரங்கமிட்டு வந்து, இளமரங்களின் பட்டையை வளையமாகக் கொறித்தால் மரம் பிழைக்காது. சருகை அடிமரத்தோடு ஒட்டிக் குவிக்காமல், பனிமட்டத்துக்கு மேல் நிற்குமாறு நுண்கண் கம்பிவலை சுற்ற வேண்டும். லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணிகள் சருகுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும் என்பதும், உறைநிலைக்கு மேலான நாட்களில் அவை அப்போதும் நடமாடும் என்பதும் தெரிந்ததே. அவை உள்ள பகுதிகளில், குழந்தைகள் விளையாடும் இடத்தையும் நடைபாதையோரத்தையும் எவ்விதத் தயக்கமும் இன்றிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்; விட்டுவைப்பதைத் தோட்டத்தின் கோடிக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

சருகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே போகிறது. மூன்று வழிகள் இருக்கின்றன. பையில் கட்டி வெளியே அனுப்புவது மிக மோசமான வழி. மரம் ஓராண்டு முழுவதும் மண்ணிலிருந்து எடுத்ததில் ஒரு பங்கை மண்ணுக்குத் திருப்பித் தரும்போது, நாம் அதைத் தடுத்து அனுப்பிவிட்டு, வசந்தத்தில் உரமும் மூடாக்கும் வாங்குகிறோம். புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிப் பொடியாக்குவது புல்தரைக்கு நல்லது. தடிமனான ஈரச்சருகு பனிக்கடியில் புல்லை மூச்சடைக்கச் செய்து, பனிப்பூஞ்சைக்கு வழிவிடும். பொடித்த சருகு புல்லிடையே இறங்கி மட்கிவிடும். ஆனால் சருகோடு ஒட்டியிருக்கும் கூடுகளும் முட்டைகளும் அந்த இயந்திரத்தில் அரைபடுகின்றன. மூன்றாவது வழி, இலைவாரியால் மெல்ல வாரி, முழு இலைகளாகவே புதர்களின் அடியிலும் மரத்தடியிலும் சேர்ப்பது. மரத்தில் இலைதின்று வளர்ந்த புழுக்கள் பல, நூலிழையில் இறங்கியோ உதிர்ந்தோ அதே மரத்தின் கீழேதான் கூடுகட்டுகின்றன என்பதால், கிளைகளின் நிழல் விழும் வட்டத்துக்குள் இருக்கும் இலைகளை நான் தொடுவதே இல்லை. நடுப்புல்தரையில் காற்று கொண்டுவந்து போட்டதை மட்டும் பொடிக்கிறேன். இடமுள்ளவர்கள் மிகுதியைக் கம்பிவலைக் கூட்டுக்குள் போட்டு நனைத்து வைத்தால், ஓரிரண்டு ஆண்டுகளில் கறுத்த, உதிரியான இலைமட்கு கிடைக்கும்.

பூம்புதர்களைப் பொறுத்தவரை முடிவு எளிது. லைலாக், ஃபோர்சித்தியா, பழைய கிளையில் பூக்கும் ஹைட்ரேஞ்சியா ஆகியவற்றின் அடுத்த ஆண்டு மொட்டுகள் ஏற்கெனவே உருவாகியிருக்கும். இலையுதிர்காலக் கவாத்து அந்தப் பூக்களைக் கவாத்து செய்வதாகவே முடியும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தால், முதன்முறையாக முடிவெடுப்பவருக்கு நான் சொல்வது இது. காய்கறிப் பாத்தியையும் நோய் கண்ட செடிகளையும் உறைபனிக்குப் பிறகு உடனே அகற்றி, மண்ணை மூடிவிடுங்கள். நடைபாதையோரத்தில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டி ஒழுங்குபடுத்துங்கள். ஓரம் சீராக இருந்தால் உள்ளே நிற்பது புறக்கணிப்பால் நிற்கவில்லை என்று பார்ப்பவருக்கும் புரியும், அண்டைவீட்டாரின் மனக்குறையும் தணியும். மற்றவற்றைத் தொடாதீர்கள். முழுத்தோட்டத்தையும் விட்டுவைக்கத் துணிவில்லாதவர்கள் ஒரே ஒரு பாத்தியில் தொடங்கலாம். அது வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் பாத்தியாக இருந்தால், குளிர்காலம் முழுவதும் அங்கே நடப்பதைப் பார்க்க முடியும்.

வசந்தத்தில் எப்போது வெட்டுவது என்பதற்குப் பகல் வெப்பநிலை தொடர்ந்து 10 பாகையைத் தாண்டும்வரை காத்திருங்கள் என்றொரு கணக்கு வழக்கில் உள்ளது. எல்லாப் பூச்சிகளும் ஒரே நாளில் எழுவதில்லை. சில இனங்கள் கோடை தொடங்கிய பிறகே வெளிவருகின்றன. அதனால் அந்தக் கணக்கைக் குறைந்தபட்ச எல்லையாக மட்டும் கொள்ளலாம். புல்லை முதன்முறை வெட்டவேண்டிய காலம்வரை பொறுத்தால் நல்லது. மண் ஈரமாக இருந்தால் பாத்திக்குள் இறங்காமல், பலகையொன்றைப் போட்டு அதன்மேல் நின்று வெட்ட வேண்டும். தண்டுகளைத் தரையோடு வெட்டாமல், 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை ஏற்றத்தாழ்வாக மொட்டைகளை விட்டு, வெட்டிய மேற்பகுதிகளை நறுக்காமல் ஒரு மூலையில் தளர்வாகக் குவித்து, நடுக்கோடைவரை வைத்திருந்தால், அதில் தங்கியிருப்பவை தம் போக்கில் வெளியேறும். சூன் மாதம் முடிவதற்குள் புதுத்தழை வளர்ந்து மொட்டைத் தண்டுகளை மறைத்துவிடுவதால், பார்வைக்கும் குறை இருக்காது.

அந்தத் தழையை விலக்கிப் பார்த்தால், சில மொட்டைகளின் முனையில் பென்சில்முனை அளவில் ஒரு துளையும், கீழே இலையின்மேல் மரத்தூள்போல வெளிறிய பொடியும் தெரியும். எறும்பைவிடச் சற்றே பெரிய கருநிறத் தேனீ ஒன்று வாலை முதலில் காட்டிப் பின்னோக்கி வெளிவந்து, இன்னும் கொஞ்சம் பொடியைத் தள்ளிவிட்டு உள்ளே போகும். அப்படிப்பட்ட தண்டுகளில் நான் வண்ண நூல் ஒன்றைக் கட்டிவைக்கிறேன். அடுத்த உறைபனிக்குப் பிறகு கத்தரியோடு வரும்போது அவற்றைத் தவிர்த்து வெட்டுவதற்கு அந்த அடையாளம் போதும்.